கனவும் கனாநூலும்

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழ்பவர்களுக்கு ஊர்ச் செய்தி இரவு நேரத்தில் இரண்டு வழியாக வரும். ஒன்று தொலைபேசி, மற்றொன்று கனவு. தொலைபேசி ஒலித்தால் எடுத்துக் கேட்கிறோம். ஐயம் இருந்தால் மறுமுறை கேட்டுத் தெளிகிறோம். கனவு வந்தாலோ யாரைக் கேட்பது என்று தெரியாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருக்கிறோம்.

தில்லியில் எங்கள் தெருவில் கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், நிறையப் படித்தவர். ஒரு தைமாத விடியலில், மேல்வரிசைப் பல் ஒன்று கழன்று தம் உள்ளங்கையில் விழுவதாக அவர் கனவு கண்டார். பல் விழக் கண்டால் உறவில் ஒருவர் விழுவார் என்பது அவருடைய பாட்டி சொல்லிவைத்தது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பதும் அந்தப் பாட்டியே சொன்னதுதான். பெரியவர் பொறுக்கமாட்டாமல் நாலரை மணிக்கு ஊரிலிருந்த தம்பியைத் தொலைபேசியில் எழுப்பினார். தம்பி நலமாகவே இருந்தார். ஆனால் அந்நேரத்தில் மணி ஒலித்ததைக் கேட்டு, தில்லியில் என்ன நேர்ந்ததோ என்று பதறி ஓடிவந்த தம்பி மனைவி நிலைப்படியில் இடித்துக்கொண்டார். நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. "பலித்தது என் கனவா, கனவைப் பற்றி நான் கொண்ட அச்சமா?" என்று பெரியவர் பின்னாளில் எங்களிடம் கேட்பார்.

அன்று காலை இச்செய்தியைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் சிறிதும் வியப்படையவில்லை. பல் விழும் கனவுக்குத் தங்கள் ஊரிலும் அதே பொருள்தான் என்றார். கும்பகோணத்துப் பாட்டியும் பஞ்சாபிப் பாட்டியும் ஒருவரை ஒருவர் கண்டவரல்லர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. அப்படியிருக்க, ஒரே கனவும் அதற்கு ஒரே அச்சமும் இருவர் வீட்டிலும் குடியேறியது எப்படி? இந்தக் கேள்வியைப் பின்பற்றிச் சென்றால், அது நம்மை மூவாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் கொண்டுபோய் விடுகிறது.

எகிப்து நாட்டில் டெய்ர் எல்-மெதினா என்று ஓர் இடம் உண்டு. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்தும் வண்ணம் தீட்டியும் வாழ்ந்த கைவினைஞர்களின் சிற்றூர் அது. அங்கிருந்து கிடைத்த பாப்பிரஸ் சுவடி ஒன்று இப்போது இலண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 13ஆம் நூற்றாண்டில், இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் காலத்தில் எழுதப்பட்ட கனாநூல் அது. இருநூறுக்கும் மேற்பட்ட கனவுகள் அதில் வரிசையாக அமைந்துள்ளன. கனவு இன்னது, அது நன்று அல்லது தீது, அதன் பயன் இன்னது என்பதே அந்நூலின் முறை. தீது என்னும் சொல்லைச் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார்கள். பெரிய பூனையைக் கண்டால் நல்ல விளைச்சல். ஆழமான கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் சிறைவாசம். தீய கனவுகளின் வரிசையில் பல் விழுதலும் இடம்பெற்றிருக்கிறது. அதற்குக் கூறப்படும் பயன் சாவு.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரியப் பேரரசன் அசுர்பானிபால் நினிவே நகரில் திரட்டிய பெருநூலகத்திலும் களிமண் பலகைகளில் பொறித்த கனாநூல் இருந்தது. ஆக, மனிதன் எழுதக் கற்றுக் கணக்கையும் சட்டத்தையும் எழுதிவைத்தபோதே, இரவில் தான் கண்டதையும் பட்டியலிடத் தொடங்கிவிட்டான். மன்னர்களின் கனவுகளும் மகான்களின் தாய்மார் கண்ட கனவுகளும் புராணங்களில் இடம்பெற்றன. உழவனும் தச்சனும் கண்ட கனவுகளுக்கோ இத்தகைய கனாநூல்களே புகலிடமாயின. அதனால்தான் மனிதரின் பொதுக் கனவுகளை அறிய விரும்புவோர்க்கு இந்தப் பழம்பட்டியல்கள் பெருஞ்செல்வமாகின்றன.

நம் நாட்டின் சான்று இன்னும் சிறப்புடையது. பிருகதாரணியக உபநிடதத்தின் நான்காம் அத்தியாயத்தில் யாக்ஞவல்கிய முனிவர் சனக மன்னனுக்குக் கனவின் இயல்பை எடுத்துரைக்கிறார். கனவில் அஞ்சுவன எவை என்று சொல்ல வந்தவர், தன்னைச் சிலர் கொல்வது போலவும், வெல்வது போலவும், யானை ஒன்று துரத்துவது போலவும், பள்ளத்தில் விழுவது போலவும் ஒருவன் காண்கிறான் என்கிறார். அவ்வுபநிடதம் எழுந்தது ஏறத்தாழ கி.மு. 7ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டு என்பர். துரத்தப்படுதலும் விழுதலும்! நேற்றிரவு நாம் கண்டு திடுக்கிட்டு எழுந்த கனவுகளை அன்றே அவர் குறித்துவைத்திருக்கிறார். யானை மட்டும் இன்று லாரியாக மாறியிருக்கலாம். இதைவிட வியப்புக்குரியது அவர் கூறும் காரணம். விழித்திருக்கும்போது எவற்றைக் கண்டு அஞ்சினோமோ அவற்றையே அறியாமையால் உறக்கத்திலும் உண்மை என்று கொள்கிறோம் என்பது அவர் கருத்து. வரப்போவதைக் கனவு சொல்கிறது என்று அவர் இவ்விடத்தில் கூறவில்லை. நம்மிடம் ஏற்கெனவே இருப்பதையே அது காட்டுகிறது என்கிறார்.

நம் மருத்துவ நூலாரும் இத்துறையில் கண்மூடி நம்பியவர்களல்லர். சரக சம்ஹிதை கனவுகளை ஏழு வகையாகப் பிரிக்கிறது. கண்டதனால் வருவது, கேட்டதனால் வருவது, நுகர்ந்ததனால் வருவது, விரும்பியதனால் வருவது, கற்பனையால் வருவது, வருவதை உணர்த்துவது, உடலின் தோஷங்களால் விளைவது என்பன அவை. இவற்றுள் முதல் ஐந்தும் பயனற்றவை என்று அந்நூல் ஒதுக்கிவிடுகிறது. ஏழில் ஐந்தைத் தள்ளுவதற்கு அக்காலத்தில் எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!

ஆயினும் அதே சரக சம்ஹிதை, நாயோ ஒட்டகமோ கழுதையோ பூட்டிய ஊர்தியில் தென்திசை நோக்கிச் செல்வதாகக் கனவு காண்பது கொடிய நோய்க்கு அறிகுறி என்றும் சொல்கிறது. தெற்கு யமனுக்குரிய திசை என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. இராமகாதையில் திரிசடை, இராவணன் தலையில் எண்ணெய் வழியக் கழுதை பூண்ட தேரில் தென்புலம் செல்லக் கண்டதாகச் சீதைக்குச் சொல்கிறாள். சிலப்பதிகாரத்தில் கோவலன், தன் ஆடையைப் பிறர் பறித்துக்கொள்ளத் தான் கொம்புடைய விலங்கின்மீது ஊர்ந்து செல்வதாகக் கண்ட கனவை மாடலனிடம் கூறுகிறான். கண்ணகியின் கனவுக்கோ ஒரு காதையே பெயர் கொண்டிருக்கிறது. தமிழிலும் கனாநூல் என்ற பெயரில் தனி நூல் வழங்கிவந்தது. காப்பியங்களில் கனவு தவறாமல் பலிப்பதைக் கண்டு, வாழ்க்கையிலும் அப்படியே என்று நாம் பழகிவிட்டோம். காப்பியத்தில் கனவைப் படைத்த புலவரே அதன் முடிவையும் படைத்தவர் என்பதை மறந்துவிடுகிறோம்.

இனி மேற்குத் திசைக்கு வருவோம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசின் கிரேக்கப் பகுதியில் ஆர்ட்டெமிடோரஸ் என்பவர் ஐந்து பகுதிகளாகக் கனாநூல் ஒன்றை எழுதினார். அவர் வீட்டிலிருந்தபடியே ஏடுகளைப் பார்த்து எழுதியவரல்லர். ஊர் ஊராகத் திரிந்து, திருவிழாக் கூட்டங்களிலும் சந்தைகளிலும் இருந்த குறிசொல்லிகளை அணுகி, மக்களின் கனவுகளைக் கேட்டுத் திரட்டினார். வாயை ஒரு வீடாகவும் பற்களை அவ்வீட்டில் வாழும் மக்களாகவும் அவர் உருவகித்தார். வலப்பக்கத்துப் பல் ஆடவர், இடப்பக்கத்துப் பல் பெண்டிர். ஆகவே பல் விழுந்தால் வீட்டில் ஒருவரை இழப்பர் என்றார். நம் பாட்டிமார் கூறியதும் இதுதானே? ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. கடன்பட்டவன் பல் விழக் கண்டால், அவன் கடனைத் தீர்ப்பான் என்று பொருள் சொன்னார். கனவு கண்டவனின் பெயர், தொழில், வயது, செல்வநிலை, ஊர் வழக்கம் ஆகியவற்றை அறியாமல் பயன் சொல்லலாகாது என்பது அவருடைய கொள்கை. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் இந்நூலை அரபு மொழியில் பெயர்த்தார். அதன் வழியாக அந்தக் கருத்துகள் இசுலாமிய உலகெங்கும் பரவின. பாட்டிமார் ஒருவரை ஒருவர் அறியாவிடினும், நூல்களும் வணிகரும் யாத்திரிகரும் இடைவிடாது நடந்துகொண்டே இருந்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கனவுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதற்கு யூதர்களின் பாபிலோனியத் தால்முத் என்னும் பெருநூலில் ஓர் அழகிய வரலாறு உண்டு. பார் ஹெத்யா என்னும் கனவுரைப்பவன் ஒருவன் இருந்தான். கூலி கொடுப்பவர்க்கு நற்பயனும், கொடாதவர்க்குத் தீப்பயனும் சொல்வது அவன் வழக்கம். அபாயே, ராவா என்னும் இரு பேரறிஞர்கள் ஒரே வகையான கனவுகளை அவனிடம் கூறினர். முன்னவர் காசு கொடுத்தார், பின்னவர் கொடுக்கவில்லை. ஒரே கனவு ஒருவர்க்குச் செல்வமாகவும் மற்றவர்க்குத் துன்பமாகவும் அவன் வாயிலிருந்து வெளிவந்தது. அதே நூலில் மற்றொரு செய்தியும் இருக்கிறது. எருசலேம் நகரில் 24 கனவுரைப்பவர்கள் இருந்தார்கள்; ஒருவர் தம் கனவை அத்தனை பேரிடமும் சொல்லிக் கேட்க, 24 பேரும் 24 விதமாகப் பொருள் சொன்னார்களாம். கனவு ஒன்று, உரை இருபத்துநான்கு! உரைப்பவனுடைய வாயைப் பின்பற்றியே கனவு செல்கிறது என்பது அவ்வறிஞர்கள் கண்ட முடிவு. இன்றும் சோதிடர் முன்னால் நடுங்கி நிற்பவர்கள் நினைவில் வைக்கத்தக்க முடிவு அது.

இவ்வாறு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளாக மக்கள் கேட்ட கேள்வி, "இக்கனவின் பயன் என்ன?" என்பதே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வேறொரு கேள்வி பிறந்தது. எவ்வெவர் எவ்வெக் கனவுகளை எத்தனை முறை காண்கின்றனர் என்பதே அது. ஐக்கிய அமெரிக்காவில் வெல்லஸ்லி கல்லூரியைச் சேர்ந்த மேரி விட்டன் கால்கின்ஸ் அம்மையார், கடிகாரத்தின் மணியால் இரவின் வெவ்வேறு நேரங்களில் தம்மை எழுப்பிக்கொண்டு, கண்ட கனவுகளை உடனுக்குடன் எழுதினார். அவரும் உடன் ஆராய்ச்சியாளர் ஒருவருமாகச் சேர்ந்து திரட்டிய கனவுகள் 375. 1893இல் அவற்றின் கணக்கை வெளியிட்டபோது, கனவுகளில் மிகப் பெரும்பாலானவை விழிப்பு வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையவை என்று அவர் காட்டினார்.

இதன்பின் 1899இன் இறுதியில் வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்டு பிராய்டு எழுதிய கனவு விளக்க நூல் வெளிவந்தது. முதற்பதிப்பு 600 படிகளே. அவை விற்றுத் தீர எட்டு ஆண்டுகள் ஆயின. பின்னாளில் உலகத்தையே கலக்கிய நூலின் தொடக்கம் அத்தனை எளியது. எல்லாருக்கும் பொதுவான கனவுகள் சில உண்டு என்று அந்நூலில் பிராய்டு எடுத்துக்காட்டினார். ஆடையின்றிப் பலர் நடுவே நிற்றல், அன்புடையார் இறத்தல், பறத்தல், விழுதல், பல் உதிர்தல், தேர்வு எழுதுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். அவற்றுக்கு அவர் கூறிய விளக்கங்கள் பலவற்றை இன்றைய உளநூலார் ஏற்பதில்லை. ஆனால் தேர்வுக் கனவைப் பற்றிய குறிப்பு ஒன்று சுவையானது. தேர்வில் வெற்றி பெற்றவர்க்கே அத்தேர்வு மீண்டும் கனவில் வருகிறது என்பது அது. பிராய்டு தாமே ஒரு பாடத்தில் தோற்றவர். அந்தப் பாடம் அவர் கனவில் வந்ததே இல்லையாம். வென்ற தாவரநூலும் வேதியியலுமே வந்து வருத்தினவாம். பணியில் சேர்ந்து முப்பது ஆண்டுகள் ஆன பிறகும், கணக்குத் தேர்வு நாளில் பள்ளிக்கூடத்தைக் காணாமல் தெருத்தெருவாக அலையும் கனவு நம்மில் பலருக்கு வருவதுண்டு. முன்பு அஞ்சியது வீண் ஆயிற்று, இப்போது அஞ்சுவதும் அப்படியே என்று அக்கனவு தேற்றுவதாகப் பிராய்டு கருதினார்.

நாடுகளை ஒப்பிடும் முயற்சிகளில் புகழ்பெற்றது 1958இல் வெளிவந்தது. 34 கனவுப் பொருள்களைப் பட்டியலிட்டு, அமெரிக்க மாணவரையும் சப்பானிய மாணவரையும், இவற்றை எப்போதேனும் கண்டதுண்டா என்று கேட்டார்கள். விழும் கனவு கண்டவர்கள் அமெரிக்கரில் நூற்றுக்கு ஏறத்தாழ 83 பேர். சப்பானியரில் 74 பேர். தாக்கப்படும் அல்லது துரத்தப்படும் கனவு கண்டவர்கள் அமெரிக்கரில் 77 பேர். சப்பானியரில் 91 பேர். வரிசையில் முன்பின் மாற்றம் உண்டு. ஆனால் முன்னணியில் நிற்கும் கனவுகள் இரு நாட்டுக்கும் பொதுவாகவே இருந்தன. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் கொடும்போர் ஒன்றில் எதிரெதிர் நின்ற இரு நாட்டு இளைஞர்கள், இரவில் ஒரே பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். 2003இல் கனடா நாட்டில் 1,181 மாணவர்களிடம் 55 பொருள்களைக் கொண்டு மீண்டும் கேட்டபோதும், துரத்தப்படும் கனவே முதலிடம் பெற்றது. நூற்றுக்கு ஏறத்தாழ 82 பேர் அதைக் கண்டிருந்தார்கள். இந்தக் கணக்குகள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களைப் பற்றியவை. முன்கூட்டியே வகுத்த பட்டியலைக் கொண்டு கேட்டவை. ஆதலின் இவற்றையே முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும் உபநிடதமும் கனடாவும் ஒரே விடையைச் சொல்வது தற்செயல் என்று தள்ளிவிடவும் இயலாது.

இப்பொதுமைக்குக் காரணம் என்ன? ஒரு பகுதி விடை உடலில் இருக்கிறது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவரும், உறங்குவோரின் கண்கள் மூடிய இமைகளுக்குள் விரைந்து அசையும் ஒரு நிலை உண்டென்றும், அந்நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகக் கூறுகின்றனர் என்றும் வெளியிட்டனர். இந்த ஆய்வின் தொடக்கத்தில் அசரின்ஸ்கி தம் எட்டு வயது மகனையே கருவியுடன் பிணைத்துப் படுக்கவைத்துச் சோதித்தார். 1959இல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து மிஷேல் ஜுவே, அந்த நிலையில் உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றுப் போவதைப் பூனைகளிடம் கண்டார். மனிதருக்கும் அஃதே. உள்ளம் ஓடுகிறது, உடல் கட்டுண்டு கிடக்கிறது. சில வேளைகளில் விழிப்பு முந்திக்கொள்ள, உடலின் கட்டு அவிழாமல் நிற்கும். மார்பின்மீது யாரோ ஏறி அமர்ந்தது போலிருக்கும். கூவ முயன்றாலும் குரல் எழாது. நம் ஊர்ப்புறத்தில் இதனை அமுக்குவான் பேய் என்பர். வங்காளத்தார் 'போபா' என்னும் ஊமைப்பேய் பிடித்தது என்பர். சப்பானியர் 'கனாஷிபாரி' என்பர். இரும்பாலே கட்டுண்டது போன்ற நிலை என்பது பொருள். உடல் ஒன்று; பேய் மட்டும் நாட்டுக்கு ஒன்று!

வயதும் கனவை மாற்றுகிறது. டேவிட் ஃபுக்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் குழந்தைகளின் உறக்கத்தை ஆராய்ந்து 1982இல் நூல் வெளியிட்டார். 3 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளை எழுப்பிக் கேட்டால் பெரும்பாலும் கனவு எதையும் சொல்வதில்லை. சொன்னாலும் அசைவற்ற சிறு சித்திரமாக, பெரும்பாலும் ஒரு விலங்காக இருக்கும். ஏழு எட்டு வயதுக்குப் பின்னரே கனவில் கதை ஓடுகிறது. குழந்தை தானும் அதில் ஒரு பாத்திரமாகி நடமாடுகிறது. பின்னர் வளர்ந்தோர் கனவுகளில் பள்ளியும் தொழிலும் பகையும் புகுகின்றன. ஹால், வான் டி காசில் என்னும் இருவர், 200 கல்லூரி மாணவ மாணவியரின் 1,000 கனவுகளைப் பகுத்து 1966இல் நூலாக்கினர். அவற்றில் நட்பைவிடப் பகையும், நற்பேற்றைவிடத் தீப்பேறும் மிகுந்திருந்தன. ஆகவே தீய கனவு காண்பது ஒருவர்க்கு மட்டும் நேரும் சாபமன்று. கனவின் பொது இயல்பே அது.

வாழும் காலமும் கனவுக்கு வண்ணம் தீட்டுகிறது. 1942இல் அமெரிக்க மாணவரைக் கேட்டபோது, நூற்றுக்கு எழுபது பேர் தம் கனவுகளில் வண்ணத்தை அரிதாகவே கண்டதாகவோ, கண்டதே இல்லை என்றோ கூறினர். 2001இல் அதே கேள்வியைக் கேட்டபோது அப்படிச் சொன்னவர் இருபதின்மருக்கும் குறைவு. கறுப்பு வெள்ளைத் திரைப்படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கும் வண்ணப்படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கும் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. நாம் கனவின் பொருளை மட்டுமன்று, கனவு கண்ட முறையையும் நம் காலத்திலிருந்தே கடன் வாங்குகிறோம்.

முதுமையிலும் நோயிலும் இறந்தோர் கனவில் வருவது மிகுதி. நம் மக்கள் இதற்கு மிகவும் அஞ்சுவர். "அழைத்துப்போக வந்திருக்கிறார்கள்" என்பர். நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் இறுதிக்கால மருத்துவமனை ஒன்றில் இருந்த 59 நோயாளரை நாள்தோறும் கேட்டு எழுதிய ஆய்வு 2014இல் வெளிவந்தது. மறைந்த உறவினரைக் கண்ட கனவுகளே அவர்களுக்கு மிகுந்த ஆறுதல் அளித்தவை என்று அது கூறுகிறது. அருகிலிருந்தவர்கள் அஞ்சிய கனவு, கண்டவருக்குத் துணையாக இருந்தது!

அப்படியானால் பல் விழுந்த கனவு என்னாயிற்று? 2018இல் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் அதையே தனியாக எடுத்து ஆராய்ந்தனர். மனத்துயருக்கும் அக்கனவுக்கும் தொடர்பு உண்டா என்று தேடினர், காணவில்லை. காலையில் எழும்போது பல்லிலும் ஈற்றிலும் தாடையிலும் இறுக்கம் உணர்வோர்க்கே அக்கனவு மிகுதியாக வருவதைக் கண்டனர். எகிப்தியர் சாவு என்றனர். கிரேக்கர் வீட்டார் என்றனர். நம் பாட்டிமார் உறவு என்றனர். மூவாயிரம் ஆண்டுப் பயணத்துக்குப் பின், பல் விழுந்த கனவு பல்லிடமே திரும்பிவந்து சேர்ந்திருக்கிறது. உறவினருக்குத் தொலைபேசி செய்வதற்கு முன், பல் மருத்துவரைப் பார்ப்பது நலம் போலும்.

இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம் ஒன்றே. கனவு மனித இனத்தின் பொதுச் சொத்து. அதற்குச் சொல்லும் பயனோ ஊர்தோறும் வேறுபடும் உரை. உரையை ஏற்பதும் மறுப்பதும் நம் கையில் இருக்கிறது. கனவு நமக்கு எதையும் சொல்வதில்லை என்று நான் கூறவில்லை. நாளையைப் பற்றி அது சொல்வதில்லை; நம்மைப் பற்றிச் சொல்கிறது. நடுங்கி எழுந்தவர், "யாருக்கு என்ன நேருமோ?" என்று கேளாமல், "நான் எதைச் சுமந்துகொண்டு உறங்கச் சென்றேன்?" என்று கேட்டால் போதும். ஒரே தீக்கனவு நாள்தோறும் வந்து உறக்கத்தைக் கெடுத்தால், நாடத்தக்கவர் மருத்துவரே அன்றிக் குறிசொல்பவர் அல்லர்.

எங்கள் தெருப் பெரியவரும் பிற்பாடு இதை வேறொரு வழியாக உணர்ந்தார். தம்பிக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற கவலை பல்லிலிருந்து பிறக்கவில்லை. மூன்று ஆண்டுகளாக ஊருக்குப் போகவில்லை என்ற உறுத்தல் அவர் உள்ளத்தில் முன்பே இருந்தது. கனவு அதற்கு ஒரு பல்லைக் கொடுத்தது. பாட்டியின் சொல் அதற்கு ஒரு பயனைக் கொடுத்தது. அவ்வளவுதான். அந்த ஆண்டு சித்திரையில் அவர் ஊருக்குப் போய் ஒரு மாதம் தம்பி வீட்டில் தங்கி வந்தார்.

பிரிந்து வாழ்வோரின் கனவைப் பற்றித் தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். கனவுநிலை உரைத்தல் என்னும் அந்த அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களில் ஒன்றிலேனும் குறியும் பயனும் கூறப்படவில்லை. நனவில் வாராதவரைக் காணும் இடமாகவே கனவு அங்கு நிற்கிறது. தில்லியிலும் கொல்கத்தாவிலும் மும்பையிலும் வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான கனாநூல் வேறு வேண்டுமோ? தெற்கு நோக்கிச் செல்வது தீக்கனவு என்று பழைய நூலார் எழுதினார்கள். அவர்களுக்குத் தெற்கு யமன் திசை. நமக்கோ அது ஊர் இருக்கும் திசை. இன்றிரவு கனவில் தெற்கே போகும் வண்டியில் ஏறினால் அஞ்சாமல் உட்கார்ந்துகொள்ளுங்கள். பொழுது நன்றாக விடிந்தபின், எல்லாரும் காப்பி குடித்து முடித்திருக்கும் நேரமாகப் பார்த்து, ஊருக்கு ஒருமுறை பேசிவிடுங்கள்.